பால் டேங்கருக்குள் ஒரு விண்கலம்

அப்பா ஓட்டும் பால் டேங்கரின் மேல்மூடி வழியே எட்டிப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. உள்ளே வெள்ளியாய் மின்னும் வளைந்த சுவர், கூப்பிட்டால் திரும்பி வரும் குரல். ஆளில்லாத விண்கலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே கிடைத்துவிட்டது! என் திகில் குறும்படத்துக்கு வேறென்ன வேண்டும்?

டேங்கர் கழுவுவதில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருப்பவர் கூப்பிடும்போதெல்லாம் மேலே நிற்பவர் பதில் கொடுக்க வேண்டும்.

"விண்வெளிக்குக் கைலியோட போலாமா, ஏட்டி?" என்று சிரித்துக்கொண்டே அப்பா நடிக்க இறங்கினார். செல்போனை மூடியருகே கட்டிவிட்டு, நிழல் உள்ளே விழாமல் டேங்கர் மேலேயே தள்ளி நின்றேன்.

செத்த நேரத்தில், "ஏட்டி, இருக்கியா?" என்றார். என் குரல் பதிவாகிவிடுமே என்று பேசாமல் இருந்தேன். மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை அவர் குரல் உடைந்தது. முழங்கால் சிராய்க்க மேலே ஏறி வந்தார்.

"பிரமாதம்ப்பா! பயம் அப்படியே வந்திருக்கு!"

"நீ கீழ விழுந்துட்டியோன்னுல்லா நெனச்சேன்." என் கையை அவர் விடவே இல்லை.

லோடு இறக்கியதும் தினமும் எனக்கு போன் செய்வார். எடிட்டிங் மும்முரத்தில் பாதி நாள் நான் எடுப்பதில்லை. இன்று ராஜபாளையம் தாண்டிப் போய்விட்டார். போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்சியை மறுபடி எடுக்கப்போகிறேன். இந்த முறை விண்கலத்துக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்கும்: "இருக்கேன்ப்பா."