கல்லில் விழுந்த கட்டம்

மாமல்லபுரம் கல்பட்டறையில் நான் பாலீஷ் போடுகிறவள். என் கை பட்ட கல்லில் முகம் பார்க்கலாம்.

செங்கல்பட்டில் படிக்க வந்து தமிழும் ஓரளவு கற்றிருந்த எத்தியோப்பியாக்காரர் ஒருவர், இறந்துபோன மனைவியின் கல்லறைக்குப் பெயர் பொறிக்க வந்தார். நெடுநெடுவென்று உயரம். பேசும்போதெல்லாம் உள்ளங்கையில் விரலால் அந்தப் பெயரை எழுதிக்கொண்டே இருப்பார். தாளிலும் எழுதிக் கொடுத்தார். நான்கு எழுத்து.

அதில் ஓர் எழுத்து எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. அந்த இடத்தில் வெறும் கட்டம் வந்தது. கம்ப்யூட்டரில் அடித்து, வெட்டி, கல்லில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் இருப்பதை அப்படியே கொத்துவதுதான் பட்டறை வழக்கம். கட்டத்தையும் கொத்திவிட்டார்கள். தாளோடு வைத்துப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"மொதலாளி, இது அந்த எழுத்து இல்ல."

"கைநாட்டுக் கெயவி, எழுத்தப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? தேய்ச்சிகினு கெட."

கையெழுத்துப் போடுகிற என்னைக் கைநாட்டு என்றதும் ரோஷம் வந்துவிட்டது. வாயே திறக்காமல் கட்டத்தைச் சுற்றிப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தேன்.

கல்லை வாங்கிப்போக எத்தியோப்பியாக்காரர் வந்து கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

"கொத்தினது கொத்தினதுதான் சார். இங்க யாரு படிக்கப் போறா?" என்றார் முதலாளி.

"நான்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குமா தெரியலை, அம்மா?"

"நான் படிக்காதவ சார்."

என் ஆயுசில் அன்றைக்குத்தான் அதை நானாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, உள்ளங்கையில் மறுபடியும் எழுத ஆரம்பித்தார்.