மதுனாகல வெந்நீரில் போட்ட தேத்தண்ணியும் உடவளவை யானைகளும்

முதலில் கண்ணில் பட்டது ஒரு நாய். வெந்நீர் ஓடும் கானருகே, அந்தச் சிறு வாய்க்காலருகே வந்து, மோந்து பார்த்து, காலை நனைக்காமல் தாண்டிப் போனது. தண்ணீர் நிஜமாகவே சுடும் என்று அப்போதே தெரிந்துவிட்டது!

நமுனுகுலப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்குக் காட்டு யானையைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. மற்றவர்களுக்கு வெந்நீர் ஊற்று. போன ஓகஸ்ட்டில் ஒரு ஞாயிறு, எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒன்பது பேர், ஆளுக்கு அறுநூறு ரூபாய் போட்டு வேன் பிடித்தோம். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, வெல்லவாய வழியாக மதுனாகல சேரும்போது மணி பதினொன்று.

ஊற்று நீரைத் தொட்டி தொட்டியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு சூடு. வாளி கொண்டுபோங்கள். அந்த வெயிலிலும் வெந்நீரில் குளிப்பது அவ்வளவு சுகமாக இருந்தது!

இரண்டு மணிக்கு உடவளவை யானைப் பூங்காவுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்லம்மா அக்கா, தோட்டத்துத் தேயிலைத்தூளும் சீனியும் மட்டும் கொண்டுவந்திருந்தார்.

"ஊத்துலயே வெந்நி வருது, பிளாஸ்க் எதுக்குடி?"

கைக்குச் சுட்டால் தேயிலைக்கும் போதும் என்று நாங்களும் நம்பினோம். சாயம் இறங்கவே இல்லை. இன்னும் தூள் போட்டார். காத்திருந்தோம். மறுபடியும் போட்டார்.

"அக்கா, மணி மூணாகுது," என்றார் டிரைவர் சிவா அண்ணன்.

"சும்மா இருங்க தம்பி! தோட்டத்து ஆளுக ஒரு தேத்தண்ணி போடத் தெரியாமப் போனாங்கன்னு பேராயிரும்."

கடைசியில் ஒரு வாய் குடித்துத் துப்பினார். "ஐயய்யே, ஆணி ஊறுன தண்ணி!"

சிரித்து முடித்தபோது மூன்றேகால். "நாலரைக்கு டிக்கட் ஜன்னலப் பூட்டிருவாங்க," என்றார் அண்ணன். அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. நீங்கள் போவதானால் பூங்காவை முதலில் பாருங்கள்.

பூங்கா வாசலுக்கு வந்தபோது நாலு இருபத்தெட்டு. அண்ணன் ஜீப் பேசப் போனார். ஜன்னல் பலகை பாதி இறங்கியிருந்தது. நான் பத்தாம் வகுப்போடு நின்று, பதுளையில் போன் பேசவும் பிரதி எடுக்கவும் ஆட்கள் வரும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் டைப் அடிக்கிறேன். அங்கே டெலிபோன் அடித்தாலே, எடுக்கக் கூச்சப்பட்டு அடுத்தவர் முகத்தைப் பார்ப்பேன். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. பலகைக்குக் கீழே கையை விட்டேன்.

"மாத்தயா, பொட்டக் இன்ன!" ஐயா, கொஞ்சம் இருங்கள் என்று சிங்களத்தில் கெஞ்சினேன். அம்மா காட்டு யானையே பார்த்ததில்லை என்றும் சொன்னேன். உள்ளே டிக்கட் கொடுப்பவர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். "எத்தனை பேர்?" என்று டிக்கட் புத்தகத்தைத் திறந்தார்.

ஒரே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறினோம். பதினைந்தே நிமிடம். நீர்த்தேக்கக் கரையில் பதினொரு யானைகள், இரண்டு குட்டிகளோடு! ஜீப்பே எழுந்து நின்றது. அம்மா குள்ளம், கடைசி சீட்டில் எக்கி எக்கி, "எங்கடி? எங்கடி?" என்றார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் செல்லம்மா அக்காவின் முதுகு.

நான் அக்காவின் இடுப்பைப் பிடித்து இழுத்து என் மடியிலேயே உட்கார வைத்தேன்.