குளிக்காதவளுக்குக் கிண்ணம் இல்லை

எங்கள் ஊர்க் கோவிலுக்கு ஆயர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். சின்னசேலம் பக்கம் இன்னும் இரண்டு ஊர் அவர் பொறுப்பில் இருக்கிறது. பைக்கை விட்டு இறங்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இறங்குவார். அந்த ஞாயிற்றில்தான் திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் அன்றைக்குத் தவறினால் அடுத்த மாதம்தான்.

நான் தையல்காரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. வேதத்தை மிஷினில் உட்கார்ந்தபடியே, நூல் கண்டு மாற்றும் இடைவெளியில் படித்துக் கற்றுக்கொண்டவள். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் என் வீட்டில் கூடுவார்கள். நான் வாசிப்பேன், எல்லோரும் பேசுவோம். வேதத்தைவிட இவர்கள் பேசுவதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அதில் பொய்யில்லை.

போன கரும்பு வெட்டுக் காலத்தில் ஒரு நிருபத்தை எடுத்துக்கொண்டோம். ஒரு துறைமுகப் பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலர் எழுதிய கடிதம் அது. அங்கே ஆண்டவருடைய பந்திக்கென்று கூடுகிறார்கள். வசதிப்பட்டவர்கள் முந்தி வந்து வயிறு முட்டச் சாப்பிடுகிறார்கள், சிலருக்குப் போதையே ஏறிவிடுகிறது. இல்லாதவர்கள் பிந்தி வந்து பசியோடு நிற்கிறார்கள். அப்போஸ்தலருக்கு ஆத்திரம். சாப்பிட உங்களுக்கு வீடு இல்லையா, இல்லாதவர்களை ஏன் வெட்கப்படுத்துகிறீர்கள், ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார்.

"அவுங்க ஏங்கா நேரத்தோட வர்ல?" என்று ஒருத்தி கேட்டாள்.

மூலையிலிருந்து கரும்பு வெட்டுகிறவள் சொன்னாள்: "பாரம் ஏத்தாத லாரி நின்னுகினு இருந்திருக்கும்."

வீடே சிரித்தது. ஆனால் எனக்கு அந்தப் பகுதி முழுக்க அப்போதுதான் திறந்தது. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு ஏது? அடிமையும் கூலியும் எஜமான் விட்டபோதுதானே வர முடியும்? பிந்தி வந்தது அவர்கள் குற்றமே இல்லை. காத்திருக்காததுதான் குற்றம்.

அந்தக் கரும்பு வெட்டுகிறவள் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவள். ஞானஸ்நானம் எடுத்து, ஒரு வருஷம் வகுப்புக்கு வந்து, அடுத்து ஆயர் வரும் ஞாயிறு முதல்முறையாகத் திருவிருந்து எடுப்பதாக இருந்தது. அதற்கென்று வெள்ளைச் சேலை வாங்கி, ஜாக்கெட் என்னிடம்தான் தைத்தாள். அளவு எடுக்கும்போது, "கழுத்த ரொம்ப எறக்காதக்கா, மொத மொதல்ல சாமிகிட்ட போறேன்" என்றாள்.

ஆனால் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு சனிக்கிழமையே வந்துவிட்டது. உத்தரவு வந்தால் மறுநாளே லாரி வயலில் வந்து நின்றுவிடும், பாரம் ஏறாமல் நகராது. நான் மூப்பரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் கோவிலில் சாவி, காணிக்கைப் பை, கிண்ணம் எல்லாம் அவர் கையில். சர்க்கார் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்.

"கொஞ்ச நேரம் பொறுத்து ஆரம்பிக்கலாங்களா? அந்தப் பொண்ணு வந்துடும்."

"ஆயருக்கு இன்னும் ரெண்டு ஊரு கீதும்மா. ஆண்டவரு இவளுக்காவ குந்திகினு இருப்பாரா?"

ஞாயிறன்று கடைசிப் பாட்டு பாடும்போது அவள் வாசலில் வந்து நின்றாள். சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலைமுடியெல்லாம் காய்ந்த கரும்புச் சோகையின் தூசி, கரும்பு இலைச் சுணை பட்டுக் கைகள் சிவந்திருந்தன. ஓடிவந்த மூச்சு அடங்கவில்லை. வெள்ளைச் சேலை என் வீட்டில் மடித்தபடி கிடந்தது.

மூப்பர் கிண்ணத்தோடு வாசலுக்கே போனார்.

"நில்லு, நில்லு. இன்னா கோலம் இது? குளிக்காம கொள்ளாம வந்து கை நீட்டுவியா? தகுதியில்லாம வாங்கினா ஆக்கினை, தண்டனைன்னு நிருபத்துலயே எழுதிக்கீது, தெரியுமா?"

அந்த வார்த்தை அதே நிருபத்தில், அதே பக்கத்தில்தான் இருக்கிறது. குளியலைப் பற்றி அங்கே ஒரு எழுத்து கிடையாது. பசித்தவனைத் தள்ளிவிட்டுத் தான் தின்பவனுக்குத்தான் தகுதியில்லை என்கிறது. எழுந்து நின்று சொன்னேன். மேலே இருக்கிறதையும் சேர்த்து வாசியுங்கள் என்றேன்.

அவர் திரும்பினார். "இதே நிருபத்துல பொம்பள சபையில வாய மூடிக்கினு இருக்கணும்னும் எழுதிக்கீது. அத்த வாசிக்கலியா நீ?"

"வாசிச்சேங்க. பொம்பள தீர்க்கதரிசனம் சொல்லும்போது தலைய மூடிக்கணும்னும் அதுலயே கீது. வாயத் தொறக்காம எப்படிங்க சொல்றது?"

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆயர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த இடைவெளியில் மூப்பர் கிண்ணத்தைத் தூக்கி, அவள் பார்த்துக்கொண்டே நிற்க, மீதி ரசத்தை மடமடவென்று குடித்தார். "மிச்சம் வெக்கக் கூடாது. ஒரு சொட்டு கீழ சிந்தினாலும் பாவம்" என்று சொல்லி வெள்ளைத் துணியால் மீசையைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துணியில் விழுந்த சிவப்புக் கறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. பிறகு ஆயரைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். அதற்கு இருவருக்கும் நேரம் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் ஒன்றும் வாசிக்கவில்லை. "போன வாட்டி வாசிச்சதச் செய்வோமா?" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த மாதம் ஆயர் வந்தபோது பெண்களில் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. வேப்ப மரத்தடியில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கும் வயலில் லாரி நின்றது. உள்ளே ஆண்கள் நாலைந்து பேர், பாதிப் பாய் காலி. மூப்பர் வெளியே வந்து கத்தினார். "இன்னா போராட்டமா?"

"இல்லீங்க, காத்துக்கினு கீறோம்" என்றாள் ஒரு கிழவி. "எழுதினபடி."

ஆயர் வந்து பார்த்தார். அவர் முகத்தில் என்ன ஓடியதோ, கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எங்களோடு மரத்தடியில் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியபின் அவள் வந்தாள். சேலை என் வீட்டில் இருக்கிறது, மாற்றிக்கொள் என்றேன்.

"வாணாங்கா. எந்தச் சட்டையப் பாத்து தொரத்தினாரோ அந்தச் சட்டையோடவே வாங்கறேன்."

எல்லோரும் உள்ளே போனோம். அப்படியே வாங்கினாள். ஆயர் கையால் அப்பம், பிறகு கிண்ணம். கண்ணை மூடிக் குடித்தாள். அவளே கடைசி.

வெளியே வந்து பார்த்தால் மூப்பர் மரத்தடியில் நிற்கிறார். ஒரு சொட்டு சிந்தினாலும் பாவம் என்றவர், மீதி ரசத்தை வேர்மேல் கவிழ்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் வாய் பட்டது அல்லவா?

அவளும் பார்த்துவிட்டாள். குரலை உயர்த்திச் சொன்னாள்.

"மூப்பரே, மரத்துக்குத் தகுதி கீதான்னு கேட்டீங்களா? அதும் குளிக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். ஆயர்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூப்பர் எங்கள் பக்கம் திரும்பாமல், அந்த வெள்ளைத் துணியால் கிண்ணத்தின் விளிம்பில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.