வெர்னா காட்டிய மலை

ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் வடக்கே மழைக்காட்டு ஓரத்தில் வாழும் பழங்குடிப் பெண் வெர்னா, தன் கையால் போட்ட தேநீரையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். காரணம் உண்டு. காட்டில் முன்னோர் புழங்கிய இடம் என்று அவளுடைய மாமா எதைக் காட்டினாரோ, மரம் வெட்டுகிறவர்களின் புல்டோசர் முதலில் அங்கேதான் போய் நின்றது.

ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் நில அளவைக்காரர் ஒருவர் வந்து, "உங்களுக்கு முக்கியமான இடம் எது?" என்று குழைந்தபோது, அட்டைகளைத் தவிர யாரும் குடியிருந்திராத ஒரு மலையை வெர்னா கைகாட்டினாள். அவர் பயபக்தியோடு எழுதிக்கொண்டு போனார்.

பல ஆண்டுகள் கழித்து அரசாங்கத்துக்குக் காட்டின்மேல் திடீர்ப் பாசம் வந்தது. எல்லை போட அதன் கையில் இருந்தது அந்தக் குறிப்பு ஒன்றுதான். அட்டை மலைக்குப் பாதுகாப்பும் 'புனிதத் தலம்' என்ற பலகையும் கிடைத்தன. பெண்கள் தலைமுறை தலைமுறையாக நச்சுக்கொட்டையை நஞ்சு போகச் சீவி ஊறப்போடும் ஓடையும், கொட்டையை உடைக்கும் குழிவிழுந்த பாறைகளும் எல்லைக்கு வெளியே நின்றன. அந்த வழியாகத்தான் புது ரோடும் வர இருந்தது.

"பார்க் ஆபீசர் வந்திருக்கான். இப்பவாவது சொல்லித் தொலைங்க அத்தை," என்றாள் அண்ணன் மகள் லொரெல். "அடுத்த மாசம் பாறைக்கு வெடி வைக்கிறாங்க. பாறை எல்லைக் கோட்டுக்குள்ள வந்துட்டா வைக்க முடியாது."

"சொன்னதும் நாளைக்கே வச்சுட்டா?"

வந்தவன் பெயர் டெரன்ஸ். வெர்னா அவன் முன்னால் அந்த நச்சுக்கொட்டை மாவில் சுட்ட அடையை வைத்தாள். அவன் தொடவில்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. சரியா ஊறலன்னா ஆளையே சாச்சுடும்னு கேள்வி. எத்தனை நாள் ஊறுச்சு?"

"மூணு."

"ஓடுற தண்ணியிலயா?"

"பின்ன, வாளியிலயா?"

"எந்த ஓடை?"

வெர்னா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த அளவைக்காரர் இதே அடையைப் "பிரமாதம்" என்று புகழ்ந்துவிட்டு, வாசலில் நாய்க்குப் போட்டவர். இவன் முகத்துக்கு நேரே சந்தேகப்படுகிறான். சந்தேகப்படுவதில் அவளுக்குச் சொந்தக்காரன்.

"பென்சில் இருக்கா? பேனா ஆகாது," என்று எழுந்தாள்.

ஓடைக்கரையில் அவன் வரைபடத்தில் புதுக்கோடு இழுத்தான். அழிரப்பர் வெர்னாவின் உள்ளங்கையில் இருந்தது.

"அப்போ அந்த மலையைக் கோட்டுலேருந்து எடுத்துடலாமா?"

"அது கிடக்கட்டும், பலகையும் கிடக்கட்டும். ஊர் பாக்க வர்றவங்க போறதுக்கும் ஒரு இடம் வேணாமா?"

இன்று அந்த ரோடு ஓடையை நெருங்கும் இடத்தில் காரணம் சொல்லாமல் வளைந்து போகிறது. வளைவு அங்கேயே இருக்கிறதா என்று வெர்னா மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.