வாய்விட்டுச் சொன்ன விலை

அந்தக் காலத்தில் ஆம்பூர்ச் சந்தையில் தோல் விலையை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் ஒரு பக்கம், விற்றுக்கொடுக்கும் தரகர் ஒரு பக்கம், நடுவில் ஒரு துண்டு. துண்டுக்கு அடியில் இரண்டு கைகளும் சந்திக்கும். எந்த விரலை எப்படிப் பிடித்தால் எவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. வெளியே இரண்டு பேரும் பாலாற்றில் தண்ணீர் வருமா வராதா என்று பேசிக்கொண்டிருப்பார்கள், உள்ளே வியாபாரம் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியக் கூடாது. தெரிந்தால் அவனும் அதையே கேட்பான்.

இந்தத் தொழிலுக்கு இரண்டு வேண்டும்: அசையாத முகம், காய்ந்த கை. எனக்கு இரண்டும் இல்லை. என் மூக்கில் ஈ உட்கார்ந்தால் நாலு தெருவுக்கு அப்பால் இருக்கிறவனுக்கும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். கை, பயந்தால் வியர்க்கும். பயப்படாத நேரம் என்று ஒன்று எனக்குக் கிடையாது. போதாததற்கு உள்ளங்கையில் விரல் பட்டால் கூச்சம். முதல் வருஷம் முழுக்க, மீசை நரைத்த வியாபாரிகள் என் விரலைப் பிடித்து விலை கேட்கும்போது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் எனக்கு வயிற்றுவலி என்று நினைத்தார்கள். வயிற்றுவலியும் இருந்தது, அது வேறு விஷயம்.

மாமனார் அந்தச் சந்தையில் பேர்போன தரகர். அவர் கையைப் பிடித்தால் கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்த மாதிரி இருக்கும், ஒன்றும் தெரியாது. ஆண் பிள்ளை இல்லாதவர். ஒரே மகளை எனக்குக் கொடுத்து, என்னை வீட்டோடு வைத்துக்கொண்டு, தொழிலிலும் சேர்த்துக்கொண்டார். கல்யாணத்துக்கு முந்தியே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வீடும் தொழிலும் ஒண்ணு, மாப்பிள்ளே. இத உட்டா அதுவும் இல்ல."

திங்கட்கிழமை சந்தை. எனக்குச் சனிக்கிழமையே வயிறு கலங்க ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்காது. மனைவி சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். இப்படி மூன்று வருஷம்.

ஒரு நாள் தோல் மண்டி வைத்திருந்த சாயபு ஒருவர் துண்டுக்கடியில் என் கையை விட்டுவிட்டு, தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னா மாப்பிள்ளே, உங்க கை ஜாஸ்தி பேசுது. நா கேக்கறதுக்கு முன்னாடியே கம்மி பண்ணிக்கிறேன்னு சொல்லுதே! எனக்கே பாவமா இருக்குது."

பாவம் பார்த்தாரே தவிர, விலையைக் குறைத்துத்தான் வாங்கிப் போனார்.

அந்த வாரம் வியாழக்கிழமை மாமனார் ஒரு காரியமாக என்னை வேலூருக்கு அனுப்பினார். பஸ்ஸில் போனேன். மாதனூர் தாண்டும்போது கண்டக்டருக்குக் குளிர்ஜுரம். பல் தந்தியடிக்க ஒரு மூலையில் சுருண்டுவிட்டான். டிரைவர் திரும்பிப் பார்த்தார். முன்னால் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு அவர் கண்ணில் நான்தான் பட்டேன்.

"யோவ், சும்மாதான குந்திகினு வர்ற? ஊர் பேர எடுத்துக் கூவுய்யா!"

பயந்தவன் சொன்னதைச் செய்துவிடுவான். எழுந்து படியில் நின்று "பள்ளிகொண்டா!" என்று கத்தினேன். என் தொண்டைக்குள் இத்தனை பெரிய சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. சாலையோரம் மேய்ந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. விரிஞ்சிபுரம் கோயில் வந்ததும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "சாமி கும்புடறவங்க எறங்கு! கும்புட்டவங்க ஏறு! கும்புடவும் மாட்டேன், எறங்கவும் மாட்டேங்கறவங்க நவுந்து குந்து!" பஸ்ஸே சிரித்தது. ஒரு கிழவர் டிக்கெட் விலை எவ்வளவு என்றார். விலையை எல்லார் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. வேலூரில் இறங்கும்போதுதான் கவனித்தேன். என் உள்ளங்கை காய்ந்திருந்தது.

டிரைவர் என்ன சொன்னாரோ, பஸ் முதலாளி என்னைக் கூப்பிட்டு மேலும் கீழும் பார்த்தார். "திங்கக்கெழம பத்து மணி வண்டிக்குக் கண்டக்டரா ஆம்பூர் ஸ்டாண்டுல நில்லு. இல்லன்னா வேற ஆளு ரெடியா இருக்கறான்."

ஆக, திங்கட்கிழமைக்குள் மாமனாரிடம் சொல்லியாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர் சாப்பிடும்போது போய் நின்றேன். "மாமா..."

"இன்னா?"

"மோர் ஊத்தட்டுமா?"

மோர் ஊற்றினேன். சனிக்கிழமை போனபோது நாவிதர் அவர் கழுத்தில் கத்தி வைத்திருந்தார். அதிர்ச்சியான சேதி சொல்லத் தோதான நேரம் அது இல்லை. திரும்பி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் சொன்னேன்.

"நீயே அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடேன்."

"பஸ்ல நானா கூவப்போறேன்? நீங்களே சொல்லுங்க."

"வீட்ட உட்டு வெளிய போன்னுட்டார்னா?"

"போலாம். வாராவாரம் உங்களுக்குக் கஷாயம் வெச்சு எனக்கே கசந்துபோச்சு" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்க போறதுன்னு மட்டும் மொதல்லயே யோசிச்சி வெச்சிக்கோங்க" என்றாள். அன்று ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். ஓர் இடமும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை சந்தை. பத்து மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. மாமனார் இரண்டடி தள்ளி நிற்கிறார். என் கை துண்டுக்கடியில் அதே சாயபுவிடம் இருக்கிறது. அவர் விரலை அழுத்துகிறார், நானும் அழுத்துகிறேன், வியர்வையில் இரண்டு பேர் விரலும் வழுக்குகின்றன. ஸ்டாண்டுப் பக்கம் பஸ் ஹாரன் பாம் பாம் என்று அடித்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. மாமனார் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.

"தொண்ணூத்தஞ்சு!"

நான் சொல்ல நினைத்தது அது இல்லை. கையில் ஓடிக்கொண்டிருந்த விலை வாய் வழியாக வந்துவிட்டது. அதுவும் பள்ளிகொண்டா என்று கூவிய அதே குரலில்.

சந்தை அப்படியே நின்றது. ஈக்கள் மட்டும் தோல்மேல் பறந்தன. பிறகு ஒரு குரல் கேட்டது. சற்று முன்தான் அதே சாயபுவுக்குத் தோலைக் கொடுத்திருந்த கிராமத்து ஆள்.

"இன்னாது, தொண்ணூத்தஞ்சா? இவனுக்குத் தொண்ணூத்தஞ்சு, எனக்குத் தொண்ணூறா?"

அவன் சாயபுவின் துண்டைப் பிடித்தான். இன்னும் நாலு பேர் வந்தார்கள். சாயபு என்னைப் பார்த்தார். தோளில் ஏறிய தேளைப் பார்ப்பது போல இருந்தது.

மாமனார் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தரகர் அல்லவா!

"மாப்பிள்ளே, இனிமே இந்தச் சந்தையில உங்க கையத் தொட ஆளில்ல."

"மாமா, பஸ்ல கண்டக்டர் வேலைக்குக் கூப்புட்டாங்க."

"எப்போ?"

"வியாழக்கெழம."

"எப்போ போவணும்னு கேட்டேன்."

"இப்போ."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இத நேத்தே வாயத் தொறந்து சொல்லியிருந்தா, இன்னிக்கி வாயத் தொறக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காதே" என்றார். பிறகு, "போங்க. சாயங்காலம் வூட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

ஓடிப்போய் நகர்கிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். அன்று பகல் முழுக்க வாய் ஊர்ப் பேரைக் கூவியது, மனசு வீட்டு வாசலிலேயே நின்றது. பேசிக்கலாம் என்றால் என்ன பேசுவார்? டிரங்குப் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டுப் பேசுவாரா, வைப்பதற்கு முன்னால் பேசுவாரா? யோசனையில் மாதனூரில் இறங்க வேண்டிய ஒரு அம்மாவைப் பள்ளிகொண்டா வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அந்த அம்மா திட்டிய திட்டு, மாமனார் பாக்கி வைத்ததையும் சேர்த்து இருந்தது.

சாயங்காலம் தெருமுனையில் நின்று எட்டிப் பார்த்தேன். வாசலில் பெட்டி இல்லை. மனைவி மட்டும் நின்றிருந்தாள்.

"அப்பா?"

"உள்ள சாப்புடறாரு."

"இன்னா சொன்னாரு?"

"வெள்ளிக்கெழம அவருக்கு வேலூர்ல வேல இருக்குதாம். உங்க வண்டிலதான் வராராம்" என்றாள். "மாமனாருன்னு காசு வாங்காம ஏத்தினீங்கன்னா பாதி வழியிலயே எறங்கிடுவாராம். அத மட்டும் மொதல்லயே சொல்லச் சொன்னாரு."

அப்படியானால் வீடு உண்டு. வேலையும் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை அந்த மனிதரிடம் போய், முகத்துக்கு நேராக, எல்லார் காதிலும் விழும்படி விலை சொல்லிக் காசு கேட்க வேண்டும். அந்த வாரம் எனக்குச் செவ்வாய்க்கிழமையே வயிறு கலங்க ஆரம்பித்துவிட்டது.