வேனைத் தட்டிய கை

ராணுவத்தில் இன்னும் சில வருஷம் நீட்டித்திருக்கலாம். ஆபீசர் கூப்பிட்டுக் கேட்டார். நான்தான் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். காரணம் என் மகள். ஒரே பெண். அவள் பிறந்தபோது நான் ஏதோ ஒரு மலை ரோட்டில் ரேஷன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் பெரியவளானபோது லீவு கிடைக்கவில்லை. தண்ணீர் ஊற்றிய போட்டோவை போனில்தான் பார்த்தேன். கல்யாணத்துக்காவது கூட இருக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாசலில் நின்று வாங்க என்று கூப்பிட வேண்டும் என்று ஆசை. எல்லா அப்பனும் சும்மா செய்கிற வேலைதான் அது.

ஊருக்கு வந்ததும் பென்ஷனை மட்டும் நம்பி உட்கார முடியாது என்று தெரிந்துபோயிற்று. மிலிட்டரியிலிருந்து வந்தவன் என்றால் இங்கே எல்லோருக்கும் தோன்றுவது செக்யூரிட்டி வேலைதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் நின்றேன். உள்ளே போகிற கார்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டும். சல்யூட் எனக்குப் புதிதா என்ன? ஆனால் கண்ணாடியைக்கூட இறக்காமல் செல்போனில் சிரித்துக்கொண்டே போகிறவனுக்கு அடிக்கக் கை கூசியது. ஒருநாள் ஒருவனோடு வாய்த்தகராறு முற்றி, சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஸ்டியரிங் பிடிப்பது. பூந்தமல்லியில் ஒரு லாரி ஓனர் என் லைசென்ஸைப் பார்த்ததும் சாவியை நீட்டினார். அன்றிலிருந்து லாரிதான். எஸ்டேட்டில் லோடு ஏற்றினால் ஓசூர், நாக்பூர், சில சமயம் அதற்கும் மேலே.

அதே கை, அதே ஸ்டியரிங். ஆனால் ஜனங்கள் வேறு. கான்வாயில் போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டோரம் நின்று கையாட்டும். டீக்கடைக்காரர் காசு வேண்டாம் என்பார். லாரியில் போனால் அதே டீக்கடையில் முகம் கழுவத் தண்ணீர் கேட்டால் முறைக்கிறார்கள். செக்போஸ்டில் என் மகள் வயசே ஆன போலீஸ்காரன் லத்தியால் கதவைத் தட்டி, "டேய், எறங்குடா" என்கிறான். முதல் தடவை அப்படிக் கேட்டபோது எனக்குக் காது அடைத்துப்போனது. அப்புறம் பழகிவிட்டது. பழகியது எப்படி என்று நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

கோவில்பதாகையில் எங்கள் தெருவில் நான் இன்னும் மிலிட்டரிக்காரர்தான். ஹாலில் யூனிபார்ம் போட்ட என் படம் மாட்டியிருக்கிறது. லாரியைப் பற்றி என் மனைவி யாரிடமும் பேசமாட்டாள். நான் ஓட்டுவது அவளுக்குக் கேவலம் இல்லை. லாரி டிரைவர் என்றால் குடிப்பான், வழியெல்லாம் தொடுப்பு வைத்திருப்பான், நோய் பிடித்திருப்பான் என்று ஊரே பேசுகிறதே, அதற்குத்தான் பயந்தாள். எனக்குத் தண்ணிப் பழக்கம் கிடையாது. அதை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா அலைய முடியும்?

பூந்தமல்லிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையன் நல்ல வேலை, வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. மகளுக்கும் பிடித்திருந்தது, போட்டோவை இரண்டு முறை வாங்கிப் பார்த்தாள். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் மனைவி என்னிடம் சொன்னாள்.

"லாரின்னு வாய தொறக்காதீங்க. ரிட்டயர்டு ஆகி ட்ரான்ஸ்போர்ட் கம்பெனில வேல பாத்துகினு கீறாருன்னு நானே சொல்லிக்கிறேன். அது இன்னா பொய்யா?"

"பொய் இல்லதான்."

"வண்டிய தெருவாண்ட இட்டுகினு வராதீங்க. வேலப்பன்சாவடிலயே போட்டுட்டு பஸ்ல வாங்க."

சரி என்றேன். வாசலில் நின்று கூப்பிடுவதுதான் எனக்கு முக்கியம், வண்டி எங்கே நின்றால் என்ன? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். அவர்கள் வந்தார்கள், கூப்பிட்டேன், உள்ளே உட்காரவைத்தேன். மாப்பிள்ளையின் மாமா என் படத்தைப் பார்த்துவிட்டு எந்த ஊரெல்லாம் போனீங்க என்று ஆசையாகக் கேட்டார். மகள் காபி கொண்டுவந்தாள். பையன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். என் வாழ்க்கையில் அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

கிளம்பும்போதுதான் சிக்கல். பாதாளச் சாக்கடைக்காகத் தெருவின் ஒரு ஓரம் முழுக்கப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அவர்கள் வந்த வேனை அந்தச் சந்தில் திருப்ப முடியாது, பின்னாலேயே மெயின் ரோடு வரை எடுக்க வேண்டும். டிரைவர் புதுப் பையன் போல, பின் சக்கரம் பள்ளத்தை நோக்கியே போனது. உள்ளே பெண்கள் கத்தினார்கள்.

நான் வாசலிலிருந்து இறங்கி ஓடினேன். யோசிக்கவே இல்லை.

ராணுவத்தில் வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவன் இறங்கி, டிரைவர் கண்ணில் படுகிற இடத்தில் விறைப்பாக நின்று இரண்டு கைகளால் சைகை காட்டுவான். வாயைத் திறக்கக் கூடாது. வண்டியைத் தொடக் கூடாது. இருபது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் செய்தேன். அன்று என் கை அதைச் செய்யவில்லை. நேராகப் போய் வேனின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தது.

"வர்ட்டும், வர்ட்டும், லெஃப்டு ஒடி... ஒடிச்சு வா... ஹோல்டேய்!"

ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. தட்டித் தட்டி, கத்திக் கத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனை வரை கூடவே நடந்து வேனைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரு கீறல் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

மாமா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சம்பந்தி, லாரி லைன்லயா கீறீங்க?" என்றார். "நான் மார்க்கெட்ல மூட்ட எறக்கிகினு இருந்தவன். இந்தத் தட்டு எங்க கேட்டாலும் எனுக்குத் தெரியும்."

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அசடு வழிய நின்றேன். அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் பொருந்தியதால்தான் பெண் பார்க்கவே வந்தார்கள். மகள் கேட்டாள்.

"அவுங்க வண்டி, அவுங்க டிரைவரு. பள்ளத்துல உட்டா அவுங்க பாத்துக்கப் போறாங்க. உனக்கு இன்னாப்பா வந்துச்சு?"

வண்டி பள்ளத்தில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எந்த டிரைவராலும் முடியாது என்று சொன்னால் அவளுக்குப் புரியுமா? அவள் அழுதிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

சில மாதம் கழித்து வேப்பம்பட்டிலிருந்து இன்னொரு வரன். மனைவி நாளைச் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அன்னிக்கு ஒங்களுக்கு லோடு கீதா?"

இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. இருந்தால் நல்லது என்கிறாள். எனக்கா புரியாது?

"கீது," என்றேன். லோடு எதுவும் இல்லை.

அன்று வேலப்பன்சாவடியில் சர்வீஸ் ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் கேபினில் உட்கார்ந்திருந்தேன். காலேஜ் பஸ்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இப்போது வந்திருப்பார்கள், இப்போது காபி கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வெயில் தாங்கவில்லை, ஆனாலும் இறங்க மனசு வரவில்லை. மனைவி போன் செய்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, வாங்க என்றாள்.

வீட்டில் பூ வாசனை அடித்தது. மனைவி முகத்தில் ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

"என்னைக் கேக்கலயா?"

"கேட்டாங்க. நீங்க இன்னும் மிலிட்டரிலதான் கீறீங்க, லீவு கெடைக்கலன்னு சொன்னோம். மாப்புள்ளயோட அம்மா படத்துக்கு முன்னால கையெடுத்துக் கும்பிட்டாங்க."

"யார் சொன்னது அப்படி?"

மனைவி மகளைப் பார்த்தாள். மகள் தட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கல்யாணத்துல இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்குள்ள ரிட்டயர்டு ஆயிட்டீங்கன்னு சொல்லிக்கலாம். இன்னா இப்போ?" என்றாள் மனைவி.

சரி என்றேன். ஒவ்வொரு தடவையும் லீவு முடிந்து நான் கிளம்பும்போது, போகாதப்பா என்று என் காலைக் கட்டிக்கொண்டு விடாமல் அழுத பிள்ளை அவள். இப்போது, நான் ஊரில் இல்லை என்று சொல்லி முடித்த நிம்மதியோடு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று என்னைக் கேட்டாள்.