பத்து வாட்டு மாப்பிள்ளை

எங்கள் சித்தப்பா பெண் பார்க்கப் போனபோது பூ, பழத்தோடு ஓர் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டு போனார். குடும்பத்தில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த யோசனை அவருடையது அல்ல. பெண்ணின் அப்பா எங்கள் தங்கச் சுரங்க ஊரின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். "மாப்பிள்ள சொந்தமா ஆம்ப்ளிஃபயர் கட்டிகீறாராமே, அதையும் எடுத்தாங்க, பாப்போம்" என்று அவர்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

அது கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயர். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே மாதிரி கரண்ட் இழுத்துக்கொண்டு கொதிக்கும். சுரங்கத்தில் வேலை பார்த்த என் நைனாவுக்கு இது பொறுக்காது. "சும்மா குந்திகினு கீறதுக்கும் முழு ஷிஃப்ட் கூலியா?" என்பார். அம்மா மட்டும்தான் அதை மதித்தாள். மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்காமல் அடம்பிடித்தால் பாத்திரத்தை அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிடுவாள்.

சித்தப்பாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. நல்ல வேலை, நல்ல குணம், ஆனால் வாயைத் திறக்க மாட்டார். பெண் வீட்டில் போய் உட்கார்ந்தால் தரையையே பார்த்துக்கொண்டிருப்பார். இதுவும் கைவிட்டுப் போனால் தம்பி இப்படியே நின்றுவிடுவான் என்று நைனா பயந்துபோயிருந்தார்.

பெண் வீட்டுக் கூடம் நிறைய ஜனம். சித்தப்பா புதிதாக வாங்கிய சின்ன ஸ்பீக்கர் பெட்டிகளை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து டேப்பை ஓடவிட்டார். எங்கள் வீட்டுச் சின்ன அறையில் அமோகமாகக் கேட்ட பாட்டு, அந்தக் கூட்டத்தில் பக்கத்து வீட்டில் யாரோ முணுமுணுப்பது போல் கேட்டது.

"எத்தினி வாட்டு?" என்றார் பெண்ணின் அப்பா.

"பத்து."

திருவிழாவுக்குக் கூம்பு ஸ்பீக்கர் கட்டி ஊரையே அலறவிடுகிறவருக்குப் பத்து ஒரு எண்ணாகவே படவில்லை. முகம் சுருங்கிவிட்டது. நைனா அவசரமாக, "ஏ கிளாஸுங்க, ஏ கிளாஸு" என்று குறுக்கே விழுந்தார். ஒரு பிரயோஜனமும் இல்லை. சித்தப்பா மறுபடியும் தரையைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த பெண் தட்டைக் கீழே வைத்தார்.

"வாட்டுல இன்னாப்பா கீது? இந்தச் சின்னப் பொட்டி நெறைய பவர் கேக்கும். நம்ம பழைய கொட்டாய் ஸ்பீக்கரு கொஞ்சம் குடுத்தாலே பாடும். அதுல போட்டுப் பாருங்க."

மூடிப்போன சினிமாக் கொட்டகை ஒன்றிலிருந்து வாங்கிப்போட்ட ஸ்பீக்கர் அது. பின்னறையில் பீரோ உயரத்துக்கு நின்றது.

சித்தப்பா தலையை நிமிர்த்தினார். "எத்தினி ஓம்?" என்று ஸ்பீக்கரின் மின்தடையைக் கேட்டார்.

"பதினாறு."

"ஒத்துப்போகும்."

"தெரியும்," என்றார் அந்தப் பெண்.

இரண்டு பேர் பிடித்து அதைக் கூடத்துக்கு நகர்த்தினார்கள். ஒயரை மாற்றியதும் பாட்டு கூடத்தை நிறைத்தது. இரைச்சல் இல்லை. பாடுகிறவர் மூச்சு வாங்குவது வரை கேட்டது. பெண்ணின் அப்பா கையிலிருந்த பஜ்ஜியைப் பாட்டு முடியும்வரை தின்னவே இல்லை. முடிந்ததும் சித்தப்பாவிடம், "தனியா எதனா பேசணும்னா பேசுங்க" என்றார்.

"பேசிட்டோங்க" என்றார் சித்தப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். ஓம் கணக்கைத் தவிர இவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் பார்த்தால் சித்தப்பாவின் மடி காலி. "சித்தப்பா, ஆம்ப்ளிஃபயர்!" என்று கத்தினேன். "கெடக்கட்டும், அப்பறம் வந்து எடுத்துக்கலாம்" என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துவரப் போனார். வெறுங்கையோடு திரும்பினார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. அத்தனை ஆசையாகக் கட்டியதை ஒரு மனிதர் வாராவாரம் போயும் மறந்துவிட்டு வருவாரா? எங்கள் சித்தப்பாவுக்கு ஏதோ மறதி வியாதி வந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி, ரொம்ப நாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.